துடைப்பமும் தண்ணீரும்

சமய விதிகளைப் பிழையறக் கைக்கொள்வது வேறு, விசுவாசம் வேறு. இவ்வேறுபாட்டை வாதத்தால் விளக்கினோர் பலர். காட்சியால் விளக்கி வெற்றி கண்டவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன். 1678-இல் அவர் வெளியிட்ட நூல், 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் பயிலப்படுவது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' அதனைத் தழுவி எழுந்த காப்பியமே.

கதைத்தலைவன் முதுகில் பாவச் சுமையோடு புறப்படுகிறான். எதிர்ப்பட்ட உலக ஞானி ஒருவன், "ஒழுக்கம் என்னும் ஊரிலே சட்டவாதி என்றொரு பெரியவர் உளர், சுமையை எளிதில் இறக்கிவிடுவார்" என்று வழிகாட்டுகிறான். நம்பிச் சென்றவன்முன் ஒரு மலை, தலைமேல் விழுவதுபோல் கவிந்து நின்று தீயைக் கக்குகிறது. அது மோசே கட்டளைகளைப் பெற்ற சீனாய் மலை. சுமை இறங்கவில்லை, முன்னினும் கனக்கிறது!

இது வெறுங்கற்பனை அன்று. பனியன் தம் வாழ்வில் கண்டது. இளமையில் அவர் தீய சொல்லை விடுத்தார், நடனத்தை விடுத்தார், கோயில் மணியடித்து மகிழ்வதையும் விடுத்தார். அயலார் புகழ்ந்தனர்; அவரும் தம்மை மெச்சிக்கொண்டார். ஒருநாள் பெட்போர்டு நகரில், ஏழைப் பெண்கள் சிலர் வாயிலில் வெயில் காய்ந்தவாறு இறைவனின் அன்பைப் பற்றி மகிழ்ச்சியோடு உரையாடக் கேட்டார். அம்மகிழ்ச்சி தம்மிடம் இல்லை என்பதை அன்றே உணர்ந்தார். 1666-இல் எழுதிய தன்வரலாற்றில் இதனை அவரே கூறுகிறார்.

நூலின் மிகச் சிறந்த காட்சி தூசி படிந்த அறை. ஒருவன் அதனைத் துடைப்பத்தால் பெருக்குகிறான். தூசி கிளம்பி மூச்சு முட்டுகிறது. பின்னர் ஒரு பெண் தண்ணீர் தெளிக்கிறாள். அதன்பின் பெருக்க, அறை தூய்மையாகிறது. அறை மனித உள்ளம், முதலில் பெருக்கியவன் நியாயப்பிரமாணம், தண்ணீர் தெளித்தவள் சுவிசேஷம். விதி அழுக்கைக் காட்டும், கிளப்பும். அடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நீர் தெளித்து வாசல் பெருக்கும் நம் இல்லங்களுக்கு இவ்வுவமையை விளக்கவும் வேண்டுமோ?

ஒன்று கருதத்தக்கது. தண்ணீர் வந்தபின்னும் பெருக்கும் வேலை நிற்கவில்லை. விசுவாசம் ஒழுக்கத்தைத் தள்ளுவதாயின் பனியன் அங்கேயே கதையை நிறுத்தியிருப்பார். அவரோ, விசுவாசத்தை நாவில் மட்டும் வைத்திருக்கும் வாயாடி ஒருவனையும் படைத்து, அவன் இல்வாழ்க்கையின் வெறுமையை வெளிப்படுத்துகிறார். ஒழுக்கம் அருளின் விலையன்று. அருளின் விளைவு என்பதே அவர் துணிபு.

நூலில் ஒரு குறையும் உண்டு. பண்புகளுக்கே பெயரிட்டு மாந்தராக்கியதால், சட்டவாதியின் பக்கத்து நியாயம் நம் செவிக்கு எட்டுவதேயில்லை. அவனும் நன்மையை நாடியவனாக இருக்கலாமன்றோ? ஆயினும் சிலுவையின் அடியில் சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறையும் இடத்தில் இக்குறை மறந்துபோகிறது. அவன் அங்குச் செய்தது ஒன்றுமில்லை. நிமிர்ந்து நோக்கினான், அவ்வளவே.

ஊர்விட்டு வந்து வாழும் நாம், நம் சமயம் எதுவாயினும், பிள்ளைகளுக்கு 'செய்', 'செய்யாதே' என்னும் துடைப்பத்தையே முதலில் தருகிறோம். தூசி கிளம்பும்போது அவர்களைக் கடிகிறோம். தண்ணீரை எடுத்து வந்தோமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.