தேற்றரவும் துணையும்: காரைக்கால் கரையில் கிறித்தவ ஆறுதல் மரபுகள்

காரைக்கால் நகரின் முதன்மைக் கத்தோலிக்க ஆலயம் தமிழில் தூய தேற்றரவு அன்னை ஆலயம் என வழங்குகிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அதன் பெயர் வேறு: வானதூதர்களின் அன்னை ஆலயம். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. தேற்றுதல் என்றால் துயரை ஆற்றுவது மட்டுமன்று, தெளிய வைப்பதும்தான். கலங்கிய குடத்து நீரைத் தெளிய வைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். மனக்கலக்கத்தோடு கோவில் படியேறுபவர் கேட்கும் ஆறுதல், வழிகாட்டல் ஆகிய இரண்டையும் இந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது.

இச்சொல்லுக்கு விவிலிய வேரும் உண்டு. யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் புரோட்டஸ்தாந்து சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு ‘தேற்றரவாளன்’ என்று பெயர்த்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘துணையாளர்’ என்றது. மூலச்சொல்லின் பொருள், அருகில் வந்து நிற்குமாறு அழைக்கப்பட்டவர். வழக்கு நேரும்போது நமக்காகப் பேச நிற்பவர். உள்ளத்தைத் தெளிவிப்பதா, அருகில் வந்து நிற்பதா என்ற இந்த வேறுபாடு அகராதியோடு முடிவதில்லை. இக்கரையின் மரபுகளைப் பிரித்துக் காணவும் அதுவே உதவுகிறது.

மூன்று ஐரோப்பிய வழிகள் ஒரே கடலோரத்தில் அருகருகே வந்து சேர்ந்தன. டேனியருடைய தரங்கம்பாடிக் கோட்டை 1620இல் எழுந்தது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள வேளாங்கண்ணியின் பக்தி மரபு போர்த்துக்கேய மாலுமிகளின் கதையோடு பிணைந்தது. இன்றும் காரைக்கால் பங்குகள் புதுச்சேரி – கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த ஊர்களோ 1952இல் உருவான தஞ்சாவூர் மறைமாவட்டத்தில். பிரெஞ்சு ஆட்சி மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் ஆயரின் எல்லை மாறவில்லை.

கத்தோலிக்க வழியில் மூத்தது இயேசு சபையினரின் முறை. புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மப் பயிற்சிகளைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானவொடுக்கம் என்ற பெயரில் அறிவர். சில நாள் பேச்சை அடக்கி, உள்ளத்தின் அசைவுகளைக் கவனிப்பது அதன் சாரம். அந்த அசைவுகளை அவர் இரண்டாகப் பிரித்தார்: இறைவன்பால் ஈர்க்கும் ஆறுதல் நிலை, இருளும் சோர்வும் கவிந்த வறட்சி நிலை. வறண்டிருக்கும் நாளில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றலாகாது என்பது அவர் தந்த விதி. கடன் நெருக்கும்போது நிலத்தை விற்கவும் சண்டை போட்ட இரவில் வீட்டை விட்டுப் போகவும் துணிபவருக்கு இதைவிட நடைமுறையான அறிவுரை கிடைப்பது அரிது. ஆறுதல் வந்துவிட்டது என்பதற்காகவே அதை நம்பிவிடவும் கூடாது. அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் அதே ஆசிரியரின் எச்சரிக்கை.

இந்த வழிகாட்டலை ஊர்தோறும் கொண்டு சென்றவர்கள் குருக்களைவிட உபதேசியார்களே. குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாளே வர முடிந்த காலத்தில், நோயாளியின் தலைமாட்டில் செபம் சொன்னவரும் பிணக்கைத் தீர்த்தவரும் அவர்கள்தாம். வீரமாமுனிவர் தமது ‘வேதியர் ஒழுக்கம்’ நூலை அவர்களுக்காகவே எழுதினார். பிறரைத் தேற்றப் போகிறவன் முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776இல் பாரிஸ் வேதபோதக சபை இப்பகுதியின் பணியை ஏற்றது; உபதேசியார் முறை அப்படியே தொடர்ந்தது.

சடங்குகளின் பெயர் மாற்றத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய ‘பாவசங்கீர்த்தனம்’ இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’. குற்றத்தை எடுத்துரைப்பது முன்பு முதன்மையாக இருந்தது. இப்போது உறவு மீள்வது. ‘அவஸ்தைப்பூசுதல்’ என்பதைக் கேட்டாலே பெரியவர்கள் நடுங்கினர். எண்ணெயோடு சாமியார் தெருவில் நுழைந்தால் ஒருவர் கதை முடிந்தது என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல் அச்சடங்கு கடைசி மூச்சுக்குரியதாக அன்றி நோயுற்றோர் அனைவருக்கும் உரியதாகத் திருத்தப்பட்டு, ‘நோயில்பூசுதல்’ ஆயிற்று. தமிழ் வழிபாட்டில் நிகழ்ந்த பெயர் மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது இல்லை எனலாம்.

பங்கு மக்களின் அன்றாடம் வேறொரு கணக்கில் ஓடுகிறது. செவ்வாய் புனித அந்தோணியாருக்கு, புதன் சகாயமாதா நவநாளுக்கு, சனி மாதாவுக்கு. தேர்வு, வரன், வளைகுடா விசா, குடிக்கும் கணவன், கடலுக்குப் போனவர் திரும்புவது என எல்லாம் மன்றாட்டுச் சீட்டில் எழுதப்படும். பெரிய வேண்டுதல் என்றால் வேளாங்கண்ணி. வெள்ளித் தகட்டில் கண், கால், வீடு. பிள்ளை வரத்துக்குத் தொட்டில். மணற்பாதையில் முழங்காலால் நகர்தல். 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட அத்தலத்துக்குக் காவியுடுத்தி நடப்பவர்களில் பிற சமயத்தார் ஏராளம். நாகூர் தர்காவும் திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோவிலும் இதே சிறு வட்டத்துக்குள் இருக்க, ஒரே குடும்பம் மூன்று இடத்திலும் நேர்ந்துகொள்வது இங்கு வியப்பல்ல. மறையுரையில் நேர்ச்சைக்குச் சொல்லப்படும் அளவுகோல் எளியது: அது நன்றியாக இருக்க வேண்டும், பேரமாக அன்று. மக்கள் அந்தக் கோட்டை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. குருக்களும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

வடக்கே தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் கொண்டுவந்த லுத்தரன் வழி, ஆறுதலை வேறிடத்தில் தேடியது. உள்ளத்தின் அசைவுகளை நம்ப முடியாது. நம்பத்தக்கது வெளியிலிருந்து வரும் வாக்கு என்பது லுத்தரின் கொள்கை. எனவே சொல் கையில் கிடைக்க வேண்டும். சீகன்பால்கு லுத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அவரது புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1733இல் ஆரோன் அச்சபையின் முதல் தமிழ்க் குருவாக அருட்பொழிவு பெற்றார். இவ்வழியில் வீடே முதல் பள்ளி: காலையும் மாலையும் குடும்ப ஜெபம், ஒரு பகுதி வாசிப்பு, ஒரு பாட்டு. (கத்தோலிக்கர் ‘செபம்’ என்பதை இவர்கள் ‘ஜெபம்’ என்பர், அந்த ஓர் எழுத்திலேயே சபை தெரிந்துவிடும்.) பப்ரிசியுஸ் தமிழாக்கிய ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் ஒருபுறம், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசையில் அமைத்த கீர்த்தனைகள் மறுபுறம். சாவு வீட்டில் எது பாடுவது என்பதில் சபைகள் இன்றும் இரண்டையும் விடவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளும், கத்தோலிக்கருக்குள்ளேயே 1970களில் பரவிய அருங்கொடை இயக்கமும் பிந்தியவை. உபவாச ஜெபம், அந்நிய பாஷை, தலைமேல் கைவைத்து மன்றாடுதல், எழுந்து நின்று சொல்லும் சாட்சி ஆகியவை இவற்றின் அடையாளம். புத்தாண்டு இரவில் அட்டையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசனம் ஆண்டு முழுவதும் நிலைப்படியில் ஒட்டியிருக்கும். சாட்சி என்பது வலிமையான வடிவம். கூலிக்காரப் பெண்ணுக்கும் ஒலிவாங்கியைக் கொடுப்பது. குணமானவர்தான் பேசுவார், குணமாகாதவருக்கு அங்கே நேரமில்லை என்பது அதன் குறை. 1920களில் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்து மிஷனின் ஊழியர்கள் மருந்தைத் தவிர்ப்பதுண்டு. கத்தோலிக்க, லுத்தரன் வழிகளோ மருத்துவமனை கட்டியவை. ஜெபம் மருந்துக்குத் துணையா மாற்றா என்பதே சபைகளைப் பிரிக்கும் கூர்மையான கேள்வி.

யாருக்குத் தேற்றரவு என்ற கேள்வி இன்னும் பழையது. புதுச்சேரிச் சம்பாக் கோவிலில் தாழ்த்தப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் 1745 அக்டோபர் நாட்குறிப்பு பேசுகிறது. காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் அதைக் கண்டித்ததும், மக்கள் முறையிட்டதும், சுவர் இடிக்கப்பட்டதும் அதில் உள்ளன. சுவர் போனாலும் தனி இருக்கை, தனிக் கல்லறை, தனித் தேர்த்தெரு என்ற வழக்கங்கள் தமிழ்ப் பங்குகள் பலவற்றில் நீண்டன. பந்தி பிரித்து வைத்துவிட்டு ஆறுதல் பரிமாறும் சபையை எந்த ஞானவொடுக்கமும் தெளிவிக்காது.

ஆறுதல் கால் முளைத்து நடப்பதற்குப் பங்குகளில் சில அமைப்புகள் உள்ளன. 1833இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழை வீடுகளுக்குப் போய் அரிசி, மருந்து, கட்டணம் என உதவுவர். 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையினரும் இருவர் இருவராக வீடு சந்திப்பர். ஆனால் பொருளுதவி செய்வது அவர்கள் விதியில் தடை. கொடுப்பவர் வந்தால் பேச்சு கொடையைச் சுற்றியே நிற்கும் என்ற அனுபவம் அதன் பின்னால் இருக்கக்கூடும். தெருவாரியாகக் குடும்பங்கள் கூடும் அன்பியம் பிந்திய வளர்ச்சி.

இவை அனைத்தும் 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் சோதனைக்கு உள்ளாயின. காரைக்காலின் மீனவர் ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து கரையில் நின்ற பயணியரும் கடைக்காரரும் அலையில் போயினர். பேராலயம் தப்பியதைப் புதுமை என்று சிலர் சொன்னார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர் முன்னால் அந்தச் சொல் நிற்கவில்லை. அந்நாட்களில் நின்றவை பிணம் தேடிய கைகள், அடக்கம் செய்த கைகள், பள்ளிகளிலும் ஆலய வளாகங்களிலும் பொங்கிய சோறு. ஆண்டுதோறும் அதே நாளில் காரைக்கால் கரையில் மீனவர்கள் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகின்றனர். வேளாங்கண்ணியில் திருப்பலிக்குப் பின் நினைவுத்தூண்வரை அமைதியாக நடந்து, மும்மதத்தாரும் அங்கே மன்றாடுகின்றனர்.