ரெண்டு சுரம் போதும், மாஸ்டர்

பழவேற்காட்டை ஒட்டிய ஒரு குப்பத்தில் தேர் பவனி. மாதா சொரூபத்துக்கு முன்னால் பேண்ட் செட். வழக்கமாக வரும் நரைத்த மீசைக்காரர்கள் இல்லை, பதினோரு பொடியன்கள். மூத்தவனுக்குப் பதினேழு இருந்தால் அதிகம். ட்ரம்பெட் இரண்டு, கிளாரினெட் மூன்று, ஆல்டோ சாக்ஸ் ஒன்று, எபோனியம் ஒன்று, தள்ளுவண்டியில் ஜெனரேட்டரோடு ஒரு கீபோர்டு, சைடு டிரம், பேஸ் டிரம், கடைசியில் தன் முகத்தைவிடப் பெரிய தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுண்டைக்காய் பையன்.

மாதா பாட்டுகள் சுத்தமாகப் போயின. ஐஸ் ஃபேக்டரி திருப்பத்தில் தேர் நின்றபோதுதான் பையன்கள் தங்கள் ரகசியத்தை எடுத்து விட்டார்கள்: ‘சிங் சிங் சிங்’. லூயி பிரைமா 1936-ல் போட்ட மெட்டு. மறு வருடம் பென்னி குட்மன் குழு அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. ஜீன் க்ருபாவின் டிரம்ஸுக்காகவே உலகம் முழுக்க ஞாபகம் வைத்திருக்கும் பதிவு. பையன்கள் செல்போனில் கேட்டுப் பிடித்திருக்கிறார்கள்.

டிரம்ஸ் ஆரம்பம் பிரமாதம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ட்ரம்பெட்டுகள் நுழைந்ததும் சைடு டிரம்காரன் உற்சாகத்தில் அரை மாத்திரை முன்னால் ஓடினான். பேஸ் டிரம் பின்னால் இழுத்தது. கிளாரினெட்டுகள் மேல் ஸ்தாயிக்குத் தாவும் இடத்தில் ஒருவன் கீச்சிட்டான், இன்னொருவன் நிறுத்தினான், மூன்றாமவன் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் மாஸ்டர் முகத்தைப் பார்த்தான். ஓவருக்கு 15 ரன் வேண்டும் என்று இறங்கிய அணி முதல் மூன்று பந்தில் மூன்று விக்கெட் கொடுப்பதுபோல. இரண்டாவது நிமிடத்தில் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் மாதா பாட்டுக்கே போனார்.

தோல்விக்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு தேர்வுக் குழுவில். எந்தப் பாட்டை எடுப்பது என்று முடிவு செய்த நிமிடமே இந்த மேட்ச் போய்விட்டது.

நம் ஊரில் இசைக்கு ‘திறமை’ என்றால் வேகம் என்று ஆகிவிட்டது. 2019-ல் லிடியன் நாதஸ்வரம் என்ற சிறுவன் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை நிமிடத்துக்கு 208 துடிப்பில் வாசித்து, பிறகு 325-க்கு ஏற்றி வாசித்து, கடைசியில் பத்து லட்சம் டாலர் பரிசோடு வந்தான். அது அந்தப் பையனின் உழைப்பு. கை தட்ட வேண்டியதுதான். ஆனால் அதைப் பார்த்த ஒவ்வொரு கீபோர்டு வகுப்பு அப்பாவும் மெட்ரோனோமைத் திருக ஆரம்பித்தார். அங்கே இருந்தது ஒரே ஜோடிக் கை. பேண்ட் என்பது பதினோரு ஜோடிக் கை, ஏழு மூச்சு. ஒருவனின் வேகம் அங்கே மற்றவனுக்குப் பள்ளம்.

மறு வாரம் பொன்னேரி ஸ்டேஷன் அருகே ஒரு மாடி அறையில் ஒத்திகைக்குப் போனேன். “சார், பசங்க ஜாஸ் ஜாஸ்னு உயிர வாங்குறானுங்க. எதக் கொடுக்குறது?” என்றார் மாஸ்டர். முப்பது வருடமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளாரினெட் ஊதியவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து பேண்டுகளும் அப்படித்தான்: கல்லறைக்குப் போகும்போது மெதுவான துக்க இசை, திரும்பும்போது துள்ளல். ஜாஸ் வளர்ந்த தெருவில் சாவு பேண்டும் இருந்தது. அதைச் சொன்னதும் மாஸ்டர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் சொன்ன முதல் பாட்டு ட்யூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’. 1942 பதிவு. மெட்டில் இருப்பது இரண்டே சுரம். பஞ்சமத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் மேல் ஷட்ஜத்தில் ஒரு கொட்டு. அதே அடி மூன்று முறை. அவ்வளவுதான் பாட்டு.

“இன்னா மாஸ்டர் இது, பாட்டா? ரெண்டே சுரம்தான் கீது” என்று பெரிய ட்ரம்பெட்காரன் சிரித்தான்.

சிரிக்கட்டும். வாசிக்கச் சொன்னால், அந்தப் பஞ்சமங்கள் ஐந்து பேருக்கு ஐந்து இடத்தில் விழுந்தன. சுரம் சுலபமானால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. எவன் முன்னால், எவன் பின்னால் என்பது தெருமுனை வரை கேட்கும். சிறு பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைக் கொடுப்பதற்குக் காரணமே அதுதான். விரல் யோசிக்க வேண்டியதில்லை, காது முழுக்க வேலை செய்யலாம்.

ஆனால் எலிங்டன் வாசித்த அதே சுருதியில் கொடுக்கக்கூடாது. ‘சி’ என்றால் நம் கணக்கில் 1 கட்டை. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பிறவியிலேயே 6½ கட்டை வாத்தியங்கள், பி ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸ் 2½ கட்டை. 1 கட்டையில் வைத்தால் ட்ரம்பெட் தாளில் இரண்டு ஷார்ப் வரும், சாக்ஸ் தாளில் மூன்று. 6½ கட்டைக்கு இறக்கினால் ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் ஒன்றும் இல்லை, சாக்ஸுக்கு ஒரே ஒரு ஷார்ப். எபோனியத்துக்கும் அது சொந்த வீடு. ஒரு முழு சுரம் இறக்கியதில் பாதி பயம் போய்விட்டது. கிதார் கற்றவர்கள் பேண்டுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும்போது இங்கேதான் கோட்டை விடுவார்கள். அவர்களுக்கு ‘இ’யும் ‘ஏ’வும் சுகம், ஊதுகிறவனுக்கு அது முள்.

ப்ளூஸின் சட்டம் என்ன என்பதற்கு மாஸ்டருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பன்னிரண்டு பார், பாருக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் 48. ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் அடிச் சுரம் ‘ச’. மூன்றாவது ‘ம’. நான்காவது திரும்ப ‘ச’. ஐந்தாவதில் பாதி ‘ப’, பாதி ‘ம’. ஆறாவது ‘ச’. எபோனியம் பையன் இந்த மூன்று சுரத்தை மட்டும் ஊதினால் போதும்; டபுள் பேஸ் வாங்கக் காசு தேட வேண்டாம். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே அவன் மூன்றாவது சுற்றில் ‘ம’வுக்குச் சரியாகத் தாவியபோது கீபோர்டுக்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அதுவரை அவனை யாரும் பார்த்ததில்லை.

தனி ஆவர்த்தனம் வாசிக்கிறவனுக்குச் சுத்த தன்யாசி கொடுக்கலாம். ச க ம ப நி. உலகம் இதை மைனர் பென்டடானிக் என்கிறது. ப்ளூஸ் சோலோவின் எலும்புக்கூடு அதுதான். நம் பிள்ளைகள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சங்கடம்: கீபோர்டு பின்னால் அந்தர காந்தாரத்தில் கார்டு பிடிக்கும், முன்னால் ட்ரம்பெட் சாதாரண காந்தாரத்தை ஊதும். சபாவில் என்றால் முதல் வரிசை முகம் சுளிக்கும். ப்ளூஸில் அந்த உரசலுக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். ஆரணி ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேர்கிற ஏரியில் இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, இரண்டும் கலந்தால்தான் ருசி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி ஸ்விங். இங்கேதான் பல பள்ளி பேண்டுகள் கவிழ்கின்றன. தாளில் இரண்டு சம நீளச் சுரம் எழுதியிருக்கும். வாசிக்கும்போது முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. எவ்வளவு நீளம்? ‘தகிட’ சொல்லி, ‘தகி’யை ஒன்றாகச் சேர்த்து ‘தா’ ஆக்கி, ‘தா–ட தா–ட’ என்று போனால் ஏறக்குறைய வந்துவிடும். திஸ்ர நடைதான். அவசரக்காரன் இதை ‘தாஆ–ட்’ என்று வெட்டுவான். அப்போது அது நொண்டி நடை. வேகம் ஏற ஏற இரண்டு சுரமும் சமத்தை நோக்கி நகரும். அதனால்தான் வேகப் பாட்டில் ஸ்விங் கற்றுக்கொடுக்க முடியாது. நிமிடத்துக்கு 110-லிருந்து 130 துடிப்பு என்றால் பிள்ளைகளுக்கு அந்த ‘ட’ எங்கே விழுகிறது என்று கேட்க நேரம் இருக்கும். சைடு டிரம்காரனிடம் நான் ஜாஸ் பற்றிப் பேசவே இல்லை. “கானாவுக்கு எப்டி தட்டுவ?” என்றேன். தட்டினான். “அதையே பாதி சத்தத்துல, குச்சி நுனியில” என்றேன். வந்துவிட்டது.

ஆட்டத்தைத் திருப்பியது தாளப் பையன். மார்ச் வாசித்து வாசித்து அவன் கை ஒன்றிலும் மூன்றிலும் ஊறிப்போனது. குடியரசு தினத்தை ஒட்டி டில்லியில் தேசியப் பள்ளி பேண்ட் போட்டி நடத்துகிறார்கள், பித்தளை பேண்டுக்கும் பைப் பேண்டுக்கும். அங்கே கால் தரையில் படுகிற அடிதான் ராஜா. ஸ்விங்கில் தலைகீழ்: இரண்டும் நாலும். ஒன்றில் அடிக்காதே என்றதும் பையன் பரிதாபமாக விழித்தான். மாஸ்டர் அவன் பின்னால் நின்று, ஒன்றுக்குத் தோளைத் தொட்டார், இரண்டுக்குக் கையை எடுத்தார். நாலைந்து சுற்றில் பிடித்துக்கொண்டான். பேண்டிலேயே சின்னவன் நேரத்தைப் பிடித்த பிறகு பெரியவர்களுக்கு ஓட வெட்கமாகிவிட்டது.

இரண்டாவது பாட்டாக சோனி ரோலின்ஸின் ‘சன்னிமூன் ஃபார் டூ’வைச் சொன்னேன், 1957-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் பதிவில் இருப்பது. மேலிருந்து கீழே இறங்கும் ஒரே வாக்கியம், மூன்று முறை. கிட்டத்தட்ட சுத்த தன்யாசி அவரோகணம். மூன்றாவதாக ‘ஸ்ப்ளாங்கி’, நீல் ஹெஃப்டி கவுன்ட் பேஸி குழுவுக்கு எழுதியது. எளிமையாக்கிய தாள்கள் கிடைக்கின்றன. பெரிய பேண்டுக்கு எழுதியதுதான்; ட்ராம்போன் பகுதியை எபோனியத்துக்குக் கொடுத்து, மேலே மூன்று குரல் வைத்தால் பந்தல் நிற்கும்.

‘ஸ்ப்ளாங்கி’ வந்த அதே ஆல்பத்தில் ‘லில் டார்லின்’ இருக்கிறது. தாளைப் பார்த்தால் முதல் வகுப்புப் பாடம். தொடாதீர்கள். ஹெஃப்டி வேகமாக நினைத்து எழுதியதை பேஸிதான் ஊர்கிற வேகத்துக்கு இறக்கினார் என்பார்கள். அந்த வேகத்தில் பதினோரு பேரும் ஒரே மூச்சில் ஒரு கார்டைக் கீழே வைப்பது பெரியவர்களுக்கே தண்ணி காட்டும். தெலோனியஸ் மங்கின் ‘ப்ளூ மங்க்’ இன்னொரு கண்ணி: கேட்கச் சிரிப்பாக இருக்கும், அரை அரை சுரமாக ஏறும்போது கிளாரினெட் விரல்கள் பின்னிக்கொள்ளும். கிளென் மில்லரின் ‘இன் தி மூட்’ கேட்டான் ஒருவன். கொடுக்கலாம். ஆனால் அதன் உயிர், கடைசியில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, பிறகு வெடிப்பது. எங்கள் தெருக்களில் விழுங்கிப் பழக்கமில்லை. சாக்ஸ் பையனுக்கு எப்படியும் 1994 ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததுதான் வேண்டும். அது சோலோ வித்வானின் ஆட்டம் தம்பி, டீம் ஆட்டம் இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

சுலபப் பாட்டு என்றால் தரக்குறைவு என்று நினைக்கிற நீதிபதிகளையும் பெற்றோரையும் நினைத்தால்தான் எனக்கு எரிச்சல். நியூயார்க்கில் லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பு, வின்டன் மார்சாலிஸ் தலைமையில், 1990களின் நடுவிலிருந்து பள்ளி பேண்டுகளுக்கு எலிங்டன் தாள்களை இலவசமாக அனுப்பி, போட்டியும் நடத்துகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பொன்னேரிக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவில் இருக்கிற மணலியில் தங்கியிருந்த காலத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரம் ஆக்கினார், சுமார் நாற்பது உருப்படி. எல்லாம் சங்கராபரண அளவில், கமகம் இல்லாமல், குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். பெரிய பெரிய விபக்தி கீர்த்தனைகள் செய்த அதே கை. அவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை.

சோலோவுக்கு வருவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஊதினால் சந்தை. ஒருவனே ஊதினால் மற்ற பத்து பேரும் சிலை. ஆளுக்குப் பன்னிரண்டு பார், பிறகு அடுத்தவன். இதற்கு மாஸ்டர் வைத்த பெயர் எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது: ‘பாடு’. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பத்துக்காரர்கள் ஏரியில் இறால் பிடிக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு பாடு. இன்று உன் முறை என்றால் நீ வலை போடலாம்; நாளை அடுத்தவனுக்கு விட வேண்டும். அன்று மீன் பட்டதோ இல்லையோ, முறை முடிந்தது முடிந்ததுதான். பையன்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மாலை ஆறரைக்கு, கும்மிடிப்பூண்டி வண்டி சத்தம் ஜன்னலில் வந்துபோன பிறகு, மறுபடி எடுத்தார்கள். 6½ கட்டை, நிதானமான நடை. எபோனியம் ‘ச’வில் நின்றது. தாளம் இரண்டில் விழுந்தது, நாலில் விழுந்தது. கிளாரினெட் பையன் ஒருவன் பெண்பிள்ளை போலக் கூச்சத்தோடு நாலே சுரம் வாசித்து விட்டுக்கொடுத்தான். அந்த நாலும் சரியான இடத்தில் விழுந்தன. அடுத்து, காலையில் சிரித்த பெரிய ட்ரம்பெட். முதல் சுற்று நன்றாக இருந்தது. குஷியாகி இரண்டாவது சுற்றுக்கும் போனான். மூன்றாவதற்கும் மூச்சு இழுத்தான். சாக்ஸ் பையன் வாயில் வாத்தியத்தை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து, இரண்டிலும் நாலிலும் அடி தவறாமல், தாளப் பையன் கத்தினான்:

“அண்ணா, உன் பாடு முடிஞ்சுச்சு, வலைய எடு!”