ஆறு வருஷம் கழித்து ஒரு பரிந்துரைக் கடிதம்

ஒட்டன்சத்திரத்துப் பட்டதாரி ஒருவருக்கு, கல்லூரி முடித்து ஐந்தாறு வருஷம் வேலை பார்த்த பிறகு வெளிநாட்டில் முதுகலை படிக்கும் ஆசை வருகிறது. மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு எல்லாம் பணம் கட்டினால் நடந்துவிடும். சிக்கல் பரிந்துரைக் கடிதத்தில்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கேட்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வேண்டும்.

பழனியிலோ திண்டுக்கல்லிலோ படித்த கல்லூரிக்குப் போனால், பாடம் நடத்தியவர் அங்கே இருப்பது அதிர்ஷ்டம். கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இருக்கிற துறைத் தலைவர் மனம் கோணாமல், "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார். மூன்று கடிதமும் மாணவர் கையாலேயே எழுதப்பட்டு, 'கடின உழைப்பாளி' என்ற ஒரே பாட்டைப் பாடும். அந்தத் துறைத் தலைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இணைப்புக் கல்லூரியில் பருவத் தேர்வு விடைத்தாள் பல்கலைக்கழகத்தின் திருத்தும் மையத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் தேர்வில் பையன் என்ன எழுதினான் என்பதை அவன் ஆசிரியர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்துபவரே வினாத்தாளும் எடுக்கிறார், விடைத்தாளும் திருத்துகிறார். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் ஆய்வேடும் உண்டு; மேற்பார்வையாளர் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்திருப்பார். வருஷங்கள் கழித்து மின்னஞ்சல் போட்டாலும், அவருக்கு எழுத விஷயம் இருக்கிறது. நிரந்தர நியமனம் பெற விரிவுரையாளர்களே மேற்பட்டம் முடித்தாக வேண்டும். அதற்காக வெளிநாட்டுக்கு விண்ணப்பித்த பலருக்குப் பரிந்துரைக் கடிதத்தின் அருமை சொந்த அனுபவம். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன விரிவுரையாளர்கள் நிறைய. அவர்களைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. வகுப்புக்கே போகாமல் பரீட்சை எழுதிய வெளிவாரிப் பட்டதாரியோ நம்மைவிட மோசமான நிலையில் நிற்கிறார்.

ஆகவே இதை நாட்டு வித்தியாசம் என்று முடித்துவிட முடியாது. நமக்குப் பக்கத்திலேயே, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் தேர்வை நடத்துவது அந்த நிறுவனமேதான். அங்கே படித்தவருக்குத் தன் எழுத்தைப் படித்த ஆசிரியர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். டி.சி. வாங்கும் முன்பே, உங்கள் புராஜெக்டை உண்மையிலேயே படித்த ஆசிரியரின் சொந்த மின்னஞ்சல் முகவரியை வாங்கி வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நாலு வரி எழுதிப் போடுங்கள். கடிதம் கேட்கும்போது அந்த புராஜெக்ட் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.