தூண்களும் தூரிகைகளும்
சிக்கானோப் பூங்காச் சுவரோவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலை தனியொருவனின் உள்ளத்தினின்று ஊற்றெடுப்பது என்பது இக்காலத் திறனாய்வாளர் பலர்க்கும் உடன்பாடான கொள்கை. ஓவியன் ஒருவன், ஓவியம் ஒன்று, அதனை அமைதியாய் நின்று நோக்குவான் ஒருவன் என்னும் இம்மூன்றையும் வைத்தே அவர்தம் அளவுகோல் அமைந்துளது. ஊரார் பலர் கூடித் தம் குடியிருப்பின் கைவிடப்பட்ட இடமொன்றில் தீட்டும் ஓவியத்தை இதனால் அளந்தால், அது பெரும்பாலும் குறையுடையதாகவே தோன்றும். குறை ஓவியத்திலுள்ளதா, அளவுகோலிலுள்ளதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சன் டியேகோ நகரிலுள்ள சிக்கானோப் பூங்காவைச் சான்றாகக் கொள்வாம்.

சிக்கானோ என்பது மெக்சிக்கோ வழிவந்த அமெரிக்கர் பலர் தமக்குப் பெருமிதத்தோடு சூட்டிக்கொண்ட பெயர். அன்னார் நெடுங்காலம் வாழ்ந்த லோகன் என்னும் பகுதியில், 1950ஆம் ஆண்டுகளில் ஆலைகளும் பழைய வண்டிகளை உடைத்துக் குவிக்கும் முற்றங்களும் புகுந்தன. 1963இல் பெருநெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்தது. 1969இல் திறக்கப்பட்ட கொறனாடோப் பாலம், எஞ்சிய வீடுகளிடையே கொங்கிறீற்றுத் தூண்களை நிறுத்தியது. பாலத்தடியில் பூங்கா அமையுமென மக்கள் எதிர்பார்த்திருக்க, நெடுஞ்சாலைப் பொலிஸ் நிலையம் அமைப்பதற்கு மண்வெட்டும் பொறிகள் வந்தன. 1970 ஏப்பிரல் 22இல் மாணவரும் தாய்மாரும் சிறுவரும் அந்நிலத்திற் புகுந்து பொறிகளை மறித்தனர்; மண்ணைக் கொத்தி மரமும் பூச்செடியும் நட்டனர். பன்னிரண்டு நாள் அவர் அகலாதிருந்த பின்னரே அரசு இணங்கிற்று.

ஓவியம் அதன் பின்னரே வந்தது. அவ்வூரில் வளர்ந்த ஓவியர் சல்வடோர் ரொறெசு, தூண்களை அகற்றவியலாதாயின் அவற்றையே ஓவியப் பரப்பாக்கலாம் என எண்ணினார். 1973இல் ஊரார் பலர் தூரிகை ஏந்தித் திரண்டு, சரிவுப்பாதைச் சுவர்களிற் தொடங்கிய பணி, தூண்தோறும் பரவியது. இறகுடைப் பாம்பாகிய குவெற்சல்கோவற்று என்னும் பழந்தெய்வமும், குவாதலூப்பே அன்னையும், புரட்சித் தலைவன் சப்பாற்றாவும், வயற்றொழிலாளர் தலைவர் சேசர் சாவேசும் அங்கு அருகருகே தோன்றலாயினர். 1920ஆம் ஆண்டுகளில் மெக்சிக்கோவில் றிவேரா, ஒறொஸ்கோ, சிக்கெய்றொசு ஆகியோர் வளர்த்த சுவரோவிய மரபே இதற்கு மூலம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்க்குச் சுவர் அளித்தது பெரும்பாலும் அரசு; இவர்க்கோ அரசோடு போராடிப் பெற்ற நிலமே சுவரையும் அளித்தது.

இவ்வோவியங்களின் மீது இரு குற்றஞ் சாற்றுவாருளர். கைத்திறன் ஒருபடித்தாக இல்லை என்பது ஒன்று. கொள்கை முழக்கம் கலையை விழுங்கிவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது உண்மையே. தேர்ந்த கையும் பழகுங் கையும் அடுத்தடுத்த தூண்களிற் புலப்படுகின்றன. ஆயின் அப்பூங்கா ஒரு படத்தொகுதியன்று. வண்டிகள் தலைக்குமேல் இரைய, மக்கள் நடந்தும் ஆடியும் உண்டும் உறவாடும் வெளி. ஒவ்வொரு தூணும் வேறொரு குரலிற் பேசுவது அவ்வெளிக்குப் பொருந்துவதேயாம்.

இரண்டாங் குற்றம் ஓவியந்தோறும் வைத்து நோக்கற்பாலது. 1977இல் தீட்டப்பெற்ற ஓர் ஓவியம், 'ஊர் வேண்டும், பழைய வண்டி முற்றம் வேண்டா' என்னும் பொருள்படும் பெயருடையது. பெயர் முழக்கமே, எனினும் அதன் பொருள் எங்கோ உள்ள கோட்பாடன்று, அவ்வூர் மக்கள் நாடோறும் கண்டு வருந்திய காட்சி. அத்தகைய ஓவியங்களில் முழக்கம் உயிர்பெறுகின்றது. தலைவர் முகங்களை வரிசைப்படுத்திய தூண்கள் சிலவற்றிலோ, அறிந்த முகத்தை மீண்டுங் காட்டுதலன்றி வேறு கண்டுபிடிப்பு இல்லை. போராட்டத்தின் பெருமை பற்றி அவற்றையும் வியத்தல் நடுநிலையாகாது.

இவ்வகை ஓவியத்தின் வாழ்வு நிலத்துரிமையைச் சார்ந்தது என்பது பிற சான்றுகளாலும் விளங்கும். 1967இல் சிக்காக்கோ நகரின் தென்பகுதியிற் கறுப்பினக் கலைஞர் கூடித் தீட்டிய 'மதிப்பின் சுவர்' பல நகரங்களில் இத்தகைய முயற்சியைத் தூண்டியது. ஆயின் கட்டடம் அவர்க்குரியதன்று. தீயாற் சேதமுற்ற பின்னர் அது இடிக்கப்பட்டது. லொஸ் ஏஞ்செலெஸ் நகரில் யூடித் பாக்கா, 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில், நானூறுக்கு மேற்பட்ட இளைஞரைக் கொண்டு வெள்ளக் கால்வாயொன்றின் சுவரில் 2,754 அடி நீளத்திற்கு வரலாற்றைத் தீட்டுவித்தார். பின்னர் மங்கிய வண்ணம் 2011இற் புதுப்பிக்கப்பட்டது. சிக்கானோப் பூங்காவின் ஓவியங்களும் அவ்வாறே புதுப்பிக்கப்பெற்றன. 2016இல் அப்பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. பேணுவார் உள்ள சுவரே நிலைபெறும்.

ஓவியத்தால் ஊர் முற்றும் உயர்ந்தது எனல் மிகை. ஆலைப்புகை ஓவியத்தால் நீங்குவதன்று. அன்றியும், அழகுற்ற ஊரை நாடிப் பொருளுடையார் வர, வாடகை ஏறிப் பழங்குடிகள் பெயரும் அச்சமும் பிற்காலத்தில் எழுந்துள்ளது. வண்ணம் பூசினால் வறுமை மறையுமென எண்ணும் நகராட்சியாளர் இதனைக் கருதுதல் வேண்டும். நிலத்தின்மேல் மக்கட்கு உரிமை வழங்காது சுவருக்கு மட்டும் வண்ணம் வழங்குதல் ஒப்பனையேயன்றிக் கலையாகாது.

ஆதலின், பலர் கூடிச் செய்யும் பொதுவிட ஓவியத்திற்கு மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம். அஃது அவ்விடத்து வாழ்வாரின் பட்டறிவினின்று பிறந்ததா? அவ்விடத்தின் அமைப்போடு இயைந்ததா? அதனைப் பேணும் உரிமையும் கடமையும் அவர்பால் உளவா? இவற்றிற்கு 'ஆம்' என விடை தரும் ஓவியத்திற் கோடு சற்றுப் பிறழினும் குற்றமில்லை. தராத ஓவியம், கோடு எத்துணை நேரியதாயினும், அவ்வூர்க்கு அயலானதே.