எதைக் கேட்கிறது அந்த விண்ணப்பம்?

"சிறு வயது முதலே சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு உண்டு." எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எழுதும் தன்விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆலங்குடிப் பெண்ணும் பொன்னமராவதிப் பையனும் இதையே எழுதுகிறார்கள். ஆதனக்கோட்டைச் சாலையோரம் முந்திரி வறுத்து விற்கும் தாயின் மகளும் இதையே எழுதுகிறாள். அடுப்புப் புகையில் அந்தத் தாய்க்கு வந்த இருமல், முந்திரித் தோப்புக் கூலி, சீசன் முடிந்த பிறகு வாங்கும் குழுக்கடன் என்று சமூகப்பணி மாணவர் ஒருவர் ஒரு பருவம் முழுக்கக் களத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். விண்ணப்பத்தில் மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. குறையை எழுதுகிறவள் தலையில் கட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படிவம் அவளிடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கத் தவறுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பட்டதாரி சமூகப்பணியில் முதுகலை படிக்க நினைத்தால் முதலில் திருச்சியைத்தான் பார்க்கிறார். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்தில் அதற்கென்று ஒரு துறை உண்டு. பிஷப் ஹீபர் கல்லூரி உண்டு. தெற்கே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், கிழக்கே திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். தூரம் போக வீட்டில் சம்மதித்தால் காந்திகிராமம், கோவை பி.எஸ்.ஜி., சென்னை சமூகப்பணிக் கல்லூரி, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு இக்னோவின் தொலைநிலைப் படிப்பு. ஓரிடத்தில் இளங்கலை மதிப்பெண்ணைப் பார்த்து இடம் தருகிறார்கள். இன்னோரிடத்தில் நேர்காணலும் குழு விவாதமும் வைக்கிறார்கள். மத்திய நிறுவனங்களில் க்யூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நல்ல அம்சம் ஒன்று உண்டு. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். கணிதம், வரலாறு, தமிழ் இலக்கியம், வணிகவியல் என்று எது படித்திருந்தாலும் தடையில்லை. மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கல்லூரியிலும் கிடைத்த பாடத்தை எடுத்துப் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். பதினேழு வயதில் இடம் கிடைத்ததே என்று சேர்ந்த பாடம் வாழ்நாள் முழுக்க அவர்களைப் பிடித்து வைத்திருப்பதில்லை. பட்டம் முடித்து, ஊரைப் பார்த்து, வேலைக்கு அலைந்து, கொஞ்சம் அடிபட்ட பிறகு ஒருவருக்கு வரும் அக்கறைக்கு இந்தப் படிப்பு இடம் தருகிறது. இந்தப் படிப்பு நமக்குப் புதிதும் அல்ல. 1936-இல் மும்பையில் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய கல்வி நிலையம்தான் இந்தியாவில் இத்துறைக்கு முதல். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இளங்கலைப் பாடத்தைக் கொண்டு ஆளை வடிகட்டாத இந்த மரபை விட்டுவிடக் கூடாது என்றே சொல்வேன்.

கல்லூரி வாசலில் ஒரு விண்ணப்பம் என்ன செய்ய முடியும் என்பதற்குப் புதுக்கோட்டையிலேயே பழைய சான்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி ரெட்டி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது இன்னொன்று. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால்தான் அவர் உள்ளே போக முடிந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சட்ட மேலவைக்குச் சென்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி 1947-இல் சட்டம் நிறைவேறியதைக் கண்டார். அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். எதிர்த்தவர்கள் எந்தப் பின்னணியைக் குறையாகச் சொன்னார்களோ, பின்னாளில் அவருடைய பணிக்கு வேராக இருந்தது அதுதான். நம்முடைய இன்றைய படிவங்களில் அப்படிப்பட்ட அறிவை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. என்.எஸ்.எஸ். சான்றிதழ் இருக்கிறதா, ரத்ததான முகாமில் கலந்துகொண்டதுண்டா என்று கேட்கிறார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பாட்டியைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்த பிள்ளைக்கு அதற்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

எல்லோருக்கும் திறந்த கதவில் ஆபத்தும் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப்பணியாளர் அனைவருக்குமான சட்டபூர்வ மன்றம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. மற்ற பிரிவுகளுக்கு அதுவும் இல்லை. அதனால் யாரைச் சேர்ப்பது, களப்பணியை யார் மேற்பார்வையிடுவது என்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. சுயநிதிப் பிரிவில் இடம் காலியாக இருந்தால் நேர்காணல் பெயரளவுக்கு ஆகிவிடுகிறது. "ஏதாவது ஒரு பி.ஜி. வேண்டும்" என்று வருகிறவரும் சேர்கிறார், உள்ளபடியே விரும்பி வருகிறவரும் சேர்கிறார், இரண்டு பேரையும் பிரித்தறிய யாரும் முயல்வதில்லை.

ஆலைகளில் எச்.ஆர். என்னும் மனிதவள வேலைக்காக இந்தப் படிப்பில் சேர்கிறவர்களைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. சமூகப்பணிப் பட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வேலைச் சந்தை உருவானதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. விராலிமலை ஆலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய கழிப்பறை, ஓய்வறை, பேறுகால விடுப்பு பற்றிப் பேச விவரம் தெரிந்த ஒருவர் உள்ளே வேண்டும். நிலையான சம்பளமும் அங்கேதான். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. ஆலோசனை மையம் போன்ற அரசுத் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. இதைச் சேரும் முன்பே விண்ணப்பதாரரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனநலப் பிரிவைக் கனவு காண்கிறவருக்கு, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறைப்படி மனநலச் சமூகப்பணியாளர் ஆக முதுகலைக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியும் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரிக் கையேடுகளில் இந்தச் செய்திகள் எளிதில் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது க்யூட். இதன் தேதிகளை முதலில் பார்ப்போம். அண்மை ஆண்டுகளில் முதுகலைக்கான தேர்வு மார்ச்சில் நடக்கிறது. விண்ணப்பம் பிப்ரவரிக்குள் முடிந்துவிடுகிறது. நம் மாவட்டக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏப்ரல், மே மாதப் பருவத்தேர்வு எழுதிவிட்டுத்தான் "அடுத்து என்ன?" என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது திருவாரூருக்கும் மும்பைக்கும் போகும் வழி மூடிக் கிடக்கிறது. இதைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை; பல கல்லூரிகளிலும் இல்லை. தகவல் தெரிந்து விண்ணப்பித்தாலும், மாநில அரசு கொடுத்த சாதிச் சான்றிதழோடு நின்றால் போதாது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பினர் மத்திய ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதையும் அந்தந்த நிதியாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் கடைசி நாளில் இதைத் தெரிந்துகொண்டு பொதுப்பிரிவில் போட்டியிட நேர்வது கொடுமை.

மொழி அதைவிடப் பெரிய தடை. இளங்கலைக்கான க்யூட் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதுகலைக்கான சமூகப்பணித் தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ. பாடநூல்களும் அந்த இரண்டு மொழிகளில்தான். மணமேல்குடி மீனவப் பெண்ணிடம் தமிழில் பேசி வேலை செய்யப்போகிறவரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் சோதிப்பது எந்த வகையில் பொருந்தும்? ஆங்கிலம் தேவையில்லை என்று வாதிட மாட்டேன். சட்டம், ஆய்வு, அறிக்கை, நிதி கேட்கும் கடிதம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுப் படிப்பில் அதைக் கற்றுக்கொடுக்க முடியும். வாசலிலேயே அதைக் கேட்டால் உள்ளே வருகிற ஆள் மாறிப்போகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தத் தேர்வுக்குச் சார்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணினி விடைத்தாளைத் திருத்தும்போது பிள்ளையின் ஊர்ப்பெயரையோ நிறத்தையோ உச்சரிப்பையோ பார்ப்பதில்லை. நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் அதைப் பார்க்கக் கூடும். எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் படித்தவர்களிடமும் ஒழியவில்லை. நேர்காணலைக் கொண்டாடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். குழு விவாதத்தைப் பற்றி எனக்கு நல்லெண்ணமே இல்லை. சத்தமாக, முந்திக்கொண்டு பேசுகிறவருக்கு அங்கே மதிப்பெண் விழுகிறது. இந்தத் தொழிலுக்கு வேண்டியதோ அடுத்தவர் பேசி முடிக்கும்வரை கேட்கும் பொறுமை.

ஆனாலும் தன்விளக்கக் குறிப்பையும் நேர்காணலையும் எடுத்துவிட முடியாது. ஏன் என்பதற்கு வேங்கைவயலை நினைத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் அந்த ஊரில் பட்டியலினக் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நேரில் போன ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததையும் கண்டார்கள். இந்த மாவட்டத்திலிருந்து சமூகப்பணி படிக்க வருகிறவர் "ஏழைகளுக்கு உதவ ஆசை" என்று எழுதினால், அவர் எந்தத் தெருவிலிருந்து அந்தத் தொட்டியைப் பார்த்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து பார்த்தவர் தன் அறிவை அறிவு என்று உணர்ந்து எழுத வேண்டும். மறுபக்கத்திலிருந்து பார்த்தவர் தன் வீட்டிலும் தன் டீக்கடையிலும் கேட்ட பேச்சை நேர்மையாக எழுத வேண்டும். இரண்டும் கடினம். கொள்குறி வினா எதிலும் இதை வரவழைக்க முடியாது. ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொன்னால், நிதானமாகக் கேட்டால் வரும். "சமூக சேவையில் உங்கள் ஆர்வத்தை விளக்குக" என்று கேட்டால் வராது. கேள்வி பொத்தாம்பொதுவாக இருப்பதால்தான் கணினி மையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதம் அதற்குப் போதுமான பதிலாகிவிடுகிறது.

இங்கே அறிவொளி இயக்கத்தின் அனுபவம் உதவும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நாட்களில், இந்த மாவட்டமே இரவில் எழுத்துப் படித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரிப் பெண்கள் சைக்கிளில் போனதைப் பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். அந்த இயக்கத்தின் தொண்டர்கள் தங்கள் ஆர்வத்தை யாருக்கும் எழுதிக் காட்டவில்லை. ஒருவர் ஏற்ற வேலைக்கு நிற்கிறாரா என்பது வேலையிலேயே தெரிந்தது. பாடம் சொல்லித்தர வந்தவர் மறுவாரமும் வந்தாரா என்பதுதான் சோதனை. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைச் சமூகப்பணிப் படிப்பில் 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். இங்கும் வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க், கிராம முகாம், ஒரு மாத பிளாக் பிளேஸ்மெண்ட் என்று களத்துக்குக் குறையில்லை. அந்தக் களத்தைச் சேர்க்கைக்கு முன்பே கொஞ்சம் கொண்டுவந்தால் என்ன? மே மாதத்தில் இரண்டு நாள், ஒரு கிராமத்தில், துறை ஆசிரியரோடும் அந்தப் பகுதியில் வேலை செய்யும் ஒருவரோடும் விண்ணப்பதாரர்கள் போய் வரலாம். செலவைத் துறை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே இன்னொரு தடையாகிவிடும்.

பணத்தைச் சும்மா சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022-இலிருந்து மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். வகுப்புக்கு மூன்று நாள், களத்துக்கு இரண்டு நாள், அதற்கென்று புடவை, அறிக்கை அச்சடிக்கும் செலவு. பட்டியலின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அது கைக்கு வரும்வரை கடன்தான். சேர்ந்துவிட்டுப் பாதியில் நிற்கும் பிள்ளைகளில் ஆர்வம் குறைந்து நின்றவர்களைவிடப் பேருந்துக் காசால் நின்றவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் கேட்கும் கட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் துறை என்ன செய்யும் என்று சொல்லும் கட்டமும் வேண்டும்.

படிவத்தை மாற்ற அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தன்னாட்சிக் கல்லூரித் துறையொன்று அடுத்த சேர்க்கையிலேயே ஆர்வத்தை விளக்கச் சொல்லும் அந்த ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் எழுதலாம் என்ற குறிப்போடு வேறொன்றை வைக்கலாம். உதாரணமாக: கறம்பக்குடிப் பக்கத்தில் ஒரு மூதாட்டிக்கு ஆறு மாதமாக விதவை உதவித்தொகை வரவில்லை, நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள், அதற்கடுத்து எங்கே போவீர்கள், உங்கள் ஊரில் இதுபோல் நீங்கள் பார்த்தது என்ன? கேள்வித்தாளை ஒரே மாதிரி எல்லோருக்கும் கொடுத்து, பெயரை மறைத்து இரண்டு பேர் திருத்தட்டும். அதன் பிறகு நேர்காணலுக்கு அழைக்கட்டும். அந்த மேசையில் பேராசிரியர்களோடு, இந்த மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாகப் பெண்கள் குழுக்களோடு நடந்தவர் ஒருவரும், பட்டப்படிப்பு இல்லாவிட்டாலும், உட்காரட்டும்.