லிஸ்ட் போலத் தெரியும் சரம்

பைத்தான் வகுப்புகளில் ஒரு விடை இப்போது மனப்பாடமாகிவிட்டது. சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், லிஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் லிஸ்ட் போலத் தெரியும் சரம் இருக்கிறதா? லிட்டரல்_இவால் போடு, இவால் பக்கமே போகாதே. அவ்வளவுதான் பாடம்.

இதில் பாதி உண்மை. இவால், சரத்தை நிரலாகவே ஓட்டிவிடும்; கோப்புகளை அழிக்கும் கட்டளை உள்ளே ஒளிந்திருந்தால் அதையும் ஓட்டும். பைத்தான் 2.6-இல் வந்த லிட்டரல்_இவால் எண், சரம், லிஸ்ட், டிக்‌ஷனரி போன்ற மதிப்புகளை மட்டுமே ஏற்கிறது. மிகப் பெரிய சரத்தைக் கொடுத்தால் நினைவகம் தீர்ந்து நிரல் விழலாம் என்று பைத்தான் ஆவணமே எச்சரித்தாலும், இவாலுக்கு இது எவ்வளவோ மேல்.

என் ஆட்சேபம் வேறு இடத்தில். 'பாதுகாப்பானது' என்றதும் 'சரியானது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாண்டாஸில் மாவட்டவாரியாக ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, யூனிக் போட்டு, சிஎஸ்வியாகச் சேமித்துப் பாருங்கள். பாண்டாஸின் பல பதிப்புகளில் கட்டத்துக்குள் விழுவது லிஸ்ட் அல்ல, நம்பை அணியின் அச்சுவடிவம்: ['பழனி' 'நத்தம்']. நடுவில் காற்புள்ளி இல்லை. பைத்தான் இலக்கணப்படி அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சரங்கள் ஒட்டி ஒன்றாகிவிடும். லிட்டரல்_இவால் எந்தப் பிழையும் காட்டாமல் ['பழனிநத்தம்'] என்று ஒரே ஊரைத் திருப்பித் தரும். இரண்டு ஊர் ஒன்றானது யார் கண்ணுக்கும் படாது. எண்ணிக்கை மட்டும் குறையும். அந்த எண்ணிக்கையை வைத்து அறிக்கை எழுதுவார்கள்.

எண்களாக இருந்தால் பிழையாவது வரும். காற்புள்ளி இல்லாத [1 2 3] இலக்கணப் பிழையில் நிற்கும். விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் 'நான்' இருந்தாலும், தேதி இருந்தாலும் மறுத்துவிடும். ஆயிரம் உறுப்புகளைத் தாண்டிய நம்பை அணியை அச்சிட்டால் நடுப்பகுதியே இராது, மூன்று புள்ளிகள்தான் இருக்கும். அந்தத் தரவு கோப்பில் ஏறவே இல்லை. எந்தச் செயல்கூறு வந்து மீட்கும்? 2024-இல் நம்பை 2.0 வந்தபோது, லிஸ்டுக்குள் இருக்கும் நம்பை எண்ணைச் சுற்றி அதன் வகைப்பெயரும் சேர்ந்து அச்சாகத் தொடங்கியது. நேற்றுவரை [1.5] என்று எழுதப்பட்டதை எளிதாகப் படித்த நிரல், பதிப்பு மாறியதும் படுத்துவிட்டது. குறை நம்பையுடையது அல்ல. அச்சுவடிவம் மனிதர் கண்ணுக்கானது. அதை மாற்ற நம்பையை உருவாக்குபவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒற்றை மேற்கோளை இரட்டையாக மாற்றி ஜேசனாகப் படிக்கலாம் என்ற மாற்று வழி இதைவிட மோசம். பெயருக்குள் ஒரு மேற்கோள்குறி வந்தால் போதும், அங்கேயே உடையும்.

வெளியிலிருந்து வந்த கோப்பு, எழுதியவரைக் கேட்க வழியில்லை என்றால் லிட்டரல்_இவாலைப் பயன்படுத்தத்தான் வேண்டும். உறுப்பு எண்ணிக்கையையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் கோப்பை எழுதுவதும் படிப்பதும் ஒரே கை. அணியை லிஸ்டாக்கி ஜேசனில் சேமிக்க இரண்டு வரி போதும்; லிஸ்டை லிஸ்டாகவே வைக்கும் பார்க்கே கோப்புவடிவம் இருக்கிறது; அதுவும் வேண்டாமென்றால் ஒரு வரிசைக்கு ஓர் ஊர் என்று பிரித்து எழுதலாம். இதில் ஒன்றையும் சொல்லாமல், அதே பாடத்தில் சிஎஸ்வியாக எழுதவைத்து, அடுத்த பத்தியில் லிட்டரல்_இவாலைத் தீர்வாக நீட்டுகிற ஆசிரியர், தரவைக் கெடுக்கத்தான் மாணவரைப் பழக்குகிறார்.