ரோபோவின் முழங்காலைப் பாருங்கள்

ரோபோ குட்டிக்கரணம் அடிக்கும் வீடியோ எப்படியாவது எல்லோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் எப்போது விழும் என்று காத்திருக்கிறார்கள். முகம் வெறும் மேல்மூடி. குட்டிக்கரணத்தில் பாதிக்கு மேல் மென்பொருளின் சாமர்த்தியம். அந்த உடம்பு எந்தப் பொருளால் ஆனது, நம் உடம்பில் அதற்கு ஈடு எது என்று கேட்டுக்கொண்டே பார்த்தால்தான் உண்மையான வேடிக்கை தொடங்குகிறது.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்னணி இசை சேர்க்காத வீடியோவாகத் தேடிப் பிடிப்பது நல்லது. மெல்லிய ரீங்காரம் கேட்டால் உள்ளே இருப்பது மின் மோட்டாரும் பல்சக்கரமும். கனத்த உறுமல் என்றால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக். ‘உஸ்’ஸென்று மூச்சு விட்டால் காற்றழுத்தம். பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 2013இல் காட்டிய ‘அட்லஸ்’ என்ற மனித வடிவ ரோபோ உறுமும் ஜாதி. 2024 ஏப்ரலில் அதற்கு ஓய்வு கொடுத்தபோது நிறுவனமே ஒரு வழியனுப்பு வீடியோ வெளியிட்டது. அதில் அட்லஸ் இடறி விழுகிறது, உருள்கிறது, குழாய் பிய்ந்து எண்ணெய் பீறிடுகிறது. தன் தயாரிப்பின் குருதிக்கசிவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மறுநாளே, முழுக்க மின்சாரத்தில் இயங்கும் புதிய அட்லஸ் வந்துவிட்டது.

இத்தனை சத்தத்துக்கும் காரணம், தசையைப் போன்ற ஒரு பொருள் பொறியாளர்களிடம் இல்லாததுதான். நம் தசை, குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடையைத் தாங்கும் விசையோடு இழுக்கும், சுருங்கி நீளும், தானே மெத்தையாகவும் இருக்கும். மின் மோட்டாரோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும், ஆனால் இழுவை போதாது. அதனால் பல்சக்கரங்களை வைத்து வேகத்தை விற்று விசையை வாங்குகிறார்கள். இதற்காக அமெரிக்கப் பொறியாளர் வால்டன் மஸ்ஸர் 1950களில் கண்டுபிடித்த ‘ஹார்மோனிக் டிரைவ்’ ஒரு தனி அழகு. மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்று, சுற்றச் சுற்ற நீள்வட்டமாக நெளிந்துகொண்டே வெளிவளையத்தின் பற்களைக் கவ்வும். விறைப்புக்குப் பேர்போன எஃகை நெளிய வைத்து வேலை வாங்கும் கருவி அது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் 100 சுற்றை ஒரே சுற்றாகக் குறைத்துவிடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அது தெரியும் இடம் முழங்கால்.

குதித்து இறங்கும் கணத்தைக் கவனியுங்கள். மனிதர் இறங்கும்போது தசை விட்டுக்கொடுக்கிறது, குதிகால் நாண் நீள்கிறது. ஓடும்போது அந்த நாண் ஒவ்வோர் அடியிலும் வாங்கிய ஆற்றலில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொலாஜன் என்ற புரத இழையால் ஆன ரப்பர் அது. பெரிய பல்சக்கர விகிதம் கொண்ட ரோபோவின் மூட்டு அப்படி எளிதில் பின்வாங்காது. தரையின் அடி நேராகப் பற்களுக்குப் போகும். ‘டக்’கென்று விறைத்து நிற்கும் ரோபோவைப் பார்த்தால் உள்ளே பெரிய விகிதம் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். 2019இல் பின்பக்கக் கரணம் அடித்துக் காட்டிய எம்.ஐ.டி.யின் ‘மினி சீட்டா’ என்ற நாலுகால் ரோபோ வேறு வழியில் போனது. 9 கிலோ எடை, 6க்கு 1 என்ற சின்ன விகிதம். பல்சக்கரம் குறைவு என்பதால் தரை உதைத்தால் மோட்டாரே கொஞ்சம் பின்வாங்கி, தசை மாதிரி இடம் கொடுக்கும். அது இறங்குவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கரணத்தைவிட இறக்கம்தான் பெரிய சாதனை.

மூட்டிலேயே இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது. நம் குருத்தெலும்பு உராய்வதைவிடப் பனிக்கட்டி மேல் பனிக்கட்டி அதிகம் உராயும். பல்லாண்டு தேய்ந்தும் ஓடும் அந்த நீர்ச்சத்து மிகுந்த மெத்தைக்கு, ரோபோவிடம் உள்ள ஈடு எஃகுக் குண்டு பேரிங்கும் கிரீஸும்தான்.

இனி எலும்பு. உலோகத்தைவிட எலும்பு மட்டம் என்று நினைப்பவர்கள் எண்களைப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7, கெட்டியான எலும்பு சுமார் 1.9. எஃகின் விறைப்பு எலும்பைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் எடை நாலு மடங்கு. எலும்புக்குள் கால்சியம் தாது அழுத்தத்தைத் தாங்க, கொலாஜன் இழை இழுவையைத் தாங்குகிறது; கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுவது போலத்தான். ஆனால் கட்டடத்தின் தூண் தன் பாரத்துக்கு ஏற்பத் தன்னையே திருத்திக் கட்டிக்கொள்ளாது. எலும்பு அதைச் செய்யும். ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதி வைத்த விதி இது: பாரம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் கரையும். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதிகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பு குறையும்.

இரண்டு பொருளும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இடம் ஒன்று உண்டு. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்புக்குள் டைட்டானியத் தண்டு இறக்குகிறார்கள். டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பு. பாரத்தையெல்லாம் அதுவே தூக்கிக்கொள்வதால் பக்கத்து எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது, மெல்ல இளைக்கிறது. பலமான பொருள் எப்போதும் நல்ல பொருள் அல்ல என்பதை மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதனால் இப்போது விறைப்பு குறைய நுண்துளைகள் விட்ட டைட்டானியத்தையும் பயன்படுத்துகிறார்கள்.

நுண்துளை என்றதும் ‘கெங்கோரோ’வைச் சொல்லாமல் இருக்க முடியாது. டோக்கியோ பல்கலைக்கழகம் 2016இல் காட்டிய மனித வடிவ ரோபோ இது. 56 கிலோ எடை, 108 மோட்டார்கள். இத்தனை மோட்டாரும் சூடானால் ஆறவைக்க மின்விசிறியோ ரேடியேட்டரோ வைக்க இடமில்லை. எலும்பையே வியர்க்க வைத்தார்கள். அலுமினியப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டு, சட்டத்துக்குள் துளைகள் நிறைந்த அடுக்குகளை உண்டாக்கினார்கள். அதற்குள் ஊற்றிய தண்ணீர் கசிந்து மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 2,400 ஜூல் அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும் என்பது இயற்பியல். சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கெங்கோரோ மோட்டார் கருகாமல் 11 நிமிடம் தொடர்ந்து தண்டால் எடுத்தது.

உடம்பில் எந்தப் பொருளும் ஒரே வேலையோடு நிற்பதில்லை. எலும்பு பாரம் தாங்கும், இரத்த அணுக்களை உண்டாக்கும், கால்சியத்தைச் சேமிக்கும். ரோபோவில் சட்டம் ஒன்று, குளிரூட்டி ஒன்று, உணரி ஒன்று எனத் தனித்தனி. ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்த ரோபோ எங்கே தென்பட்டாலும் எழுந்து நின்று கைதட்டலாம். இந்தக் கணக்கில் கரணம் அடிக்கும் பல ரோபோக்களைவிடக் கெங்கோரோவுக்கே மதிப்பெண் அதிகம்.

கையை ரசிக்க ஒரு சின்னச் சோதனை. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். அசைவு முன்கையில் தெரியும். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலுக்குள் இல்லை; நாண்கள் வழியாகத் தொலைவிலிருந்து இழுக்கின்றன. நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்து 2011இல் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய ‘ரோபோநாட் 2’ இதே உத்தியைக் கடன் வாங்கியது: முன்கையில் மோட்டார், விரலுக்குச் செயற்கை நாண். ஆகவே ரோபோவின் முன்கை தடித்திருந்தால் குறை சொல்லாதீர்கள்.

தோலில்தான் ரோபோ இன்னும் குழந்தை. நம் ஒரு உள்ளங்கையிலும் விரல்களிலுமாகத் தொடுவுணர் நரம்பிழைகள் ஏறக்குறைய 17,000. பேட்டி கொடுத்துப் பேர்பெற்ற ‘சோபியா’ ரோபோவின் முகத்தில் இருப்பதோ நுண்குமிழ்கள் நிறைந்த ரப்பர். குறைந்த விசையில் நெளியும் என்பதால் சிரிக்க வைப்பது எளிது. பேட்டி கொடுப்பதற்குச் சரி. டோக்கியோவில் ஷோஜி டகேயுச்சியின் குழு 2022இல் ரோபோ விரல் ஒன்றின் மேல் மனிதத் தோல் செல்களை வளர்த்ததை அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கீறிய இடத்தில் கொலாஜன் தாளை ஒட்டினால் அந்தத் தோல் கூடிக்கொண்டது.

கடைசியாக நம் நாட்டு ரோபோ ஒன்று. இஸ்ரோவின் வியோம்மித்ரா, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஆளில்லாப் பயணத்துக்காக உருவாக்கப்பட்ட அரை மனித ரோபோ. 2020 ஜனவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. எடையற்ற வெளியில் நடக்க வேண்டியதில்லை என்பதால் அதற்குக் கால்களே இல்லை. அதன் வீடியோ கிடைத்தால் முழங்காலைத் தேட வேண்டாம், விரல்களைக் கவனியுங்கள்.